நான்கு நாட்டு வீரர்களைச் சேர்த்து நான்காண்டுக்கு ஒருமுறை மட்டும் அனுப்பப்படும் லயன்ஸ் ரக்பி அணியால் இன்று என்ன பயன்? அதைக் கலைத்துவிடலாமா?

கலைத்துவிடலாம் என்று சொல்பவர்களின் காரணங்களில் பாதி நியாயமானவை. ஆனாலும் பிரிட்டிஷ் அண்ட் ஐரிஷ் லயன்ஸ் அணி நீடிக்க வேண்டும் என்பதே என் பதில். அது ஊர் ஊராகச் சென்று ஆடும் அணியாக இருக்கும்வரைதான் அதற்கு மதிப்பு என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். எதிர்நாட்டுத் தேசிய அணியோடு மோதும் மூன்று டெஸ்ட் போட்டிகளை மட்டும் ஆடிவிட்டு விமானம் ஏறும் அணியாக அது சுருங்கிவிட்டால், கலைக்கச் சொல்பவர்களோடு வாதாட என்னிடம் எதுவும் இருக்காது.

ரக்பியைத் தொடர்ந்து பார்க்காதவர்களுக்காகச் சுருக்கமாக: இங்கிலாந்து, வேல்ஸ், ஸ்காட்லாந்து, அயர்லாந்து ஆகிய நான்கு நாடுகளும் ஆண்டுதோறும் ஒன்றையொன்று எதிர்த்து ஆடுகின்றன. நான்காண்டுக்கு ஒருமுறை மட்டும் அவற்றின் சிறந்த வீரர்கள் ஒரே சிவப்பு ஜெர்சியை அணிந்து ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா ஆகிய நாடுகளில் ஒன்றுக்குச் செல்கிறார்கள். அதனால் ஒவ்வொரு நாட்டுக்கும் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் முறை வருகிறது. இவ்வகைப் பயணங்களில் முதலாவது 1888இல் நியூசிலாந்துக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் நடந்தது; அதில் ரக்பி மட்டுமே 35 போட்டிகள். சொந்த மைதானமோ லீக் பட்டியலோ இல்லாத இந்த அணி, சில வாரங்கள் இருந்துவிட்டுக் கலைந்துவிடுகிறது.

எதிர்ப்பாளர்களின் முதல் வாதம் வீரர்களின் உடல்நலம் பற்றியது. அதை நான் முழுவதுமாக ஏற்கிறேன். செப்டம்பரில் தொடங்கிய பருவத்தை ஜூனில் முடித்து, காயங்களோடும் களைப்போடும் நிற்கும் ஒருவரை உடனே இன்னொரு கடுமையான பயணத்துக்கு அனுப்புகிறோம். 2021இல் இங்கிலாந்துக் கிளப்புகளின் இறுதிப்போட்டியும், ஜப்பானுக்கு எதிராக எடின்பரோவில் லயன்ஸ் ஆடிய தொடக்கப் போட்டியும் ஜூன் 26 அன்று, ஒரே நாளில் நடந்தன. 2025இல் இங்கிலாந்துக் கிளப் இறுதிப்போட்டி ஜூன் 14 அன்று முடிந்தது. டப்ளினில் அர்ஜென்டினாவுக்கு எதிரான லயன்ஸ் போட்டி ஜூன் 20 அன்று. அந்தப் போட்டியில் லயன்ஸ் 24-28 எனத் தோற்றதில் வியப்பில்லை. சம்பளம் கொடுக்கும் கிளப்புகள் முணுமுணுப்பதிலும் நியாயம் இருக்கிறது.

அடுத்தது வெற்றிக் கணக்கு. நியூசிலாந்தில் லயன்ஸ் தொடரை வென்றது ஒரே ஒரு முறை, 1971இல். கார்வின் ஜேம்ஸ் பயிற்சியிலும் ஜான் டாஸ் தலைமையிலும் சென்ற அணி அது. 2017இல் தொடர் சமனில் முடிந்ததே பெரிய சாதனையாகப் பேசப்பட்டது. இதைக் காட்டி, அவசரமாகத் திரட்டப்படும் அணியால் முறையான தேசிய அணியை வெல்ல முடியாது என்கிறார்கள். எனக்கு இந்த வாதம் வலுவாகப் படவில்லை. எளிதில் வெல்ல முடியாத இடத்துக்கு, பழகிக்கொள்ளச் சில வாரங்களே உள்ள வீரர்கள் போவதால்தான் 1971 இன்றும் நினைக்கப்படுகிறது.

இந்த விவாதத்தில் 2021ஆம் ஆண்டின் தென்னாப்பிரிக்கப் பயணத்தை ஏன் யாரும் போதுமான அளவு எடுத்துப் பேசுவதில்லை என்று தெரியவில்லை. பெருந்தொற்றுக் காலத்தில், ஒரு பார்வையாளர்கூட இல்லாமல் அது நடந்தது. மூன்று டெஸ்ட் போட்டிகளும் கேப் டவுனிலுள்ள ஒரே மைதானத்தில்தான். எதிரணி ஒன்றில் தொற்று பரவியதால், ஷார்க்ஸ் என்ற ஒரே அணியோடு சில நாள் இடைவெளியில் இரண்டு முறை ஆட வேண்டியிருந்தது. முதல் டெஸ்ட் முடிந்ததும் தென்னாப்பிரிக்காவின் ரக்பி இயக்குநர் ராஸி எராஸ்மஸ், நடுவரின் தீர்ப்புகளை ஒவ்வொன்றாகக் குறைகூறி ஒரு மணி நேரத்துக்கும் மேல் நீளும் காணொளியில் பேசினார். அது வெளியாகி, பின்னர் அவருக்குத் தடையும் விதிக்கப்பட்டது. கடைசி டெஸ்டில் மார்னே ஸ்டெய்ன் அடித்த பெனால்டியால் தென்னாப்பிரிக்கா 19-16 என வென்றது. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்பு, 2009இலும் தொடரை முடிவுசெய்த பெனால்டியை அடித்தவர் இதே ஸ்டெய்ன்தான். கதை எழுதுபவர்கூட அப்படி ஒரு முடிவை வைக்கத் தயங்குவார். ஆயினும் அந்தத் தொடரை ஆசையோடு நினைவுகூரும் ரசிகரை, வென்ற நாட்டில்கூட, நான் அதிகம் கண்டதில்லை. ஊர்களும் கூட்டமும் சின்ன அணிகளோடு ஆடும் வார நடுப் போட்டிகளும் நீக்கப்பட்டால் லயன்ஸில் என்ன மிஞ்சும் என்பதை அந்த ஆண்டு நமக்குக் காட்டியது. மிஞ்சியவை கடுகடுப்பான மூன்று டெஸ்ட் போட்டிகள் மட்டுமே.

ஆகவே, வீரர்களின் சுமையைக் குறைக்க வார நடுப் போட்டிகளை வெட்டுங்கள் என்ற யோசனை தவறான இடத்தில் கத்தி வைக்கிறது. 1971இல் 26 போட்டிகள், 1974இல் 22, 1997இல் 13, 2017இல் 10. இதற்கு மேலும் குறைக்க அதிகம் இல்லை. சுமையைக் குறைக்க விரும்பினால், பயணத்துக்கு முன்பு வீரர்களுக்கு மூன்று வாரமாவது ஓய்வு கிடைக்கும்படி உள்நாட்டுப் பருவத்தை அந்த ஓர் ஆண்டில் மட்டும் முன்கூட்டியே முடிக்கலாம். நான்காண்டுக்கு ஒருமுறை என்பது முன்பே தெரிந்த தேதி. கிளப்புகளும் வாரியங்களும் உட்கார்ந்து பேசினால் முடியாத காரியம் அல்ல.

சின்ன அணிகளோடு ஆடும் போட்டி என்றால் என்ன என்பதற்கு 2017இன் முதல் போட்டியைச் சொல்வேன். நியூசிலாந்தின் வடக்கிலுள்ள ஃபாங்கரே சிறிய நகரம். பெரிய டெஸ்ட் போட்டிகள் அங்கே வருவதில்லை. அங்கு லயன்ஸை எதிர்த்து ஆடியது, உயர்மட்ட சூப்பர் ரக்பி அணிகளில் இடம் கிடைக்காத மாகாண வீரர்களைச் சேர்த்து அமைத்த ப்ராவின்ஷியல் பார்பேரியன்ஸ் அணி. இடைவேளையில் அவர்கள் 7-3 என முன்னிலையில் இருந்தார்கள். முடிவில் லயன்ஸ் 13-7 என்று தப்பித்தது. உள்ளூர் லீக்கில் ஆடிக்கொண்டிருந்த ஒரு வீரருக்கு, நான்கு நாட்டு நட்சத்திரங்களை எண்பது நிமிடம் திணறவைத்தேன் என்று வாழ்நாள் முழுவதும் சொல்லிக்கொள்ள அந்த மாலை உதவியது. உலகக் கோப்பை அதை அவருக்குத் தந்திருக்காது. 2025இல் மெல்போர்னில் ஆஸ்திரேலியப் பூர்வகுடி வீரர்களும் பசிபிக் தீவு வம்சாவளி வீரர்களும் சேர்ந்து ஆடிய அணிக்கும் இதையே சொல்லலாம். எளிதில் சிதறிவிடும் என்று பலர் எதிர்பார்த்த அந்த அணி, 19-24 வரை விரட்டிவந்துதான் தோற்றது.

இனி ரசிகர்களை அதிகம் பிரிக்கும் விஷயத்துக்கு வருகிறேன்: தேர்வு. நான் பல ஆண்டுகளாக வேல்ஸின் தலைநகர் கார்டிஃபில் வசிப்பவன். வேல்ஸ் அணியின் ஏற்ற இறக்கம் இங்கே தெருவில் நடந்தாலே தெரியும். 2025இல் வேல்ஸ் படுமோசமான நிலையில் இருந்தது. லயன்ஸுக்கு முதலில் தேர்வான வேல்ஸ் வீரர்கள் இருவர் மட்டுமே. அவர்களில் டோமோஸ் வில்லியம்ஸ் ஆஸ்திரேலியாவில் ஆடிய முதல் போட்டியிலேயே காயமடைந்து ஊர் திரும்பினார். எஞ்சியவர் ஜாக் மார்கன். அவரும் முதல் டெஸ்டின் 23 பேரில் இல்லை. ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக நடக்காத ஒன்று அது. எங்கள் பகுதி ரக்பி கிளப்பில் பலர், இந்த அணி எங்களுடையது அல்ல, பார்க்கமாட்டோம் என்றே சொன்னார்கள். அந்தக் கோபம் எனக்குப் புரிந்தது. 2017இல் தொடக்கத் தேர்வில் ஸ்காட்லாந்துக்கு இரண்டே இடங்கள் கிடைத்தபோது எடின்பரோவிலும் இதே கோபம்தான் இருந்தது.

2025இல், லயன்ஸ் வென்ற முதல் டெஸ்டுக்கு அடுத்த சனிக்கிழமை, எங்களுக்குக் காலை பதினொரு மணிக்கு, மெல்போர்ன் கிரிக்கெட் மைதானத்தில் இரண்டாவது டெஸ்ட் தொடங்கியது. மைதானத்தில் 90,307 பேர். பார்க்கமாட்டோம் என்றவர்களில் பெரும்பாலோர் கிளப்பின் தொலைக்காட்சி முன்னால்தான் இருந்தார்கள். ஆஸ்திரேலியா ஒரு கட்டத்தில் 23-5 என முன்னிலை பெற்றது. லயன்ஸ் மெல்ல மெல்ல நெருங்கி வந்து, கடைசி நிமிடத்தில் 24-26 என்று நின்றது. மாற்று வீரராக இறங்கியிருந்த மார்கன், தரையிலுள்ள பந்துக்காக இரு அணியினரும் முட்டிமோதும் ஒரு ரக்கில் தாழ்ந்து நுழைந்து, பந்தைப் பறிக்கக் குனிந்திருந்த ஆஸ்திரேலிய வீரர் கார்லோ டிசானோவைத் தள்ளி அகற்றினார். டிசானோ கழுத்தைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். பந்து இடப்பக்கம் போனது; அயர்லாந்தின் ஹியூகோ கீனன் மூலைக்கருகே எதிரணிக் கோட்டுக்கு அப்பால் பந்தை ஊன்றி, ஐந்து புள்ளி தரும் ட்ரை வைத்தார். உடனே யாரும் கொண்டாடவில்லை. நடுவர் ஆண்ட்ரியா பியார்டி அந்த ரக்கைத் திரையில் திரும்பத் திரும்பப் பார்த்தார். தலைக்கு ஆபத்தான மோதல் என்று தீர்ப்பு வந்தால் ட்ரையும் போகும், தொடரும் தொங்கும். கிளப்பில் ஒருவரும் பேசவில்லை. இறுதியில் ட்ரை செல்லும் என்றார் நடுவர். 29-26, தொடர் லயன்ஸுக்கு. ஆஸ்திரேலியப் பயிற்சியாளர் ஜோ ஷ்மிட் வீரர் பாதுகாப்பைச் சுட்டிக்காட்டிக் கடுமையாக ஆட்சேபித்தார். அவருடைய இடத்தில் இருந்தால் நானும் ஆட்சேபித்திருப்பேன். இருந்தாலும் விதிப்படி தீர்ப்பு சரியானதே என்று நினைக்கிறேன்; இருவரும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் அந்த இடத்தை அடைந்தார்கள்.

அயர்லாந்துக்காரர் ஒருவர் வைத்த ட்ரைக்கு வேல்ஸில் இத்தனை பேர் எழுந்து நின்றதை வேறு எந்த அணியாலும் நிகழ்த்த முடியாது. நான்கு நாடுகளும் ஒன்றையொன்று எதிர்த்து ஆடும் பிப்ரவரியில் இவர்களே அயர்லாந்தைத் திட்டித் தீர்த்திருப்பார்கள். தேர்வில் நாடுவாரியாக இடஒதுக்கீடு வைக்கலாம் என்று சிலர் கேட்பதை நான் ஏற்கவில்லை. ஒதுக்கீட்டில் வந்தவராக இருந்தால் மார்கனின் அந்த ஒரு நொடிக்கு இவ்வளவு எடை இருந்திருக்காது. வெளிநாட்டில் பிறந்து குடியேறிய வீரர்கள் அதிகமாகிவிட்டார்கள் என்ற புகாரையும் நான் பெரிதாக எடுப்பதில்லை. ஒரு நாட்டுக்கு ஆடத் தகுதி பெற்றவருக்கு லயன்ஸில் மட்டும் தகுதி இல்லை என்பது முறையாகாது.

ஜெர்சியின் மதிப்பு உண்மையில் குறைந்தது 2017இல் பயிற்சியாளர் வாரன் கேட்லண்ட் எடுத்த ஒரு முடிவால்தான். டெஸ்ட் வீரர்களுக்கு ஓய்வு தருவதற்காக, அந்தச் சமயத்தில் அருகில் பயணத்தில் இருந்த வேல்ஸ், ஸ்காட்லாந்து வீரர்கள் ஆறு பேரைத் திடீரென அழைத்தார். திறமையைவிட இருப்பிடம் முக்கியமாகிவிட்டது என்ற விமர்சனம் எழவே, அவர்களில் பெரும்பாலோர் மாற்று வீரர் வரிசையில் உட்கார்ந்ததோடு சரி. அந்த இளைஞர்களுக்கும் அது அவமானம், முன்பு உழைத்து அந்த ஜெர்சியைப் பெற்றவர்களுக்கும் அவமானம்.

லயன்ஸைப் புகழும்போது 1974ஐத் தவிர்க்கக் கூடாது. வில்லி ஜான் மெக்பிரைட் தலைமையில் தென்னாப்பிரிக்காவில் 22 போட்டிகளில் 21 வெற்றி, ஒரு சமன்; தோல்வியே இல்லை. ஆட்டத்தின் அளவில் அதற்கு நிகரில்லை. ஆனால் நிறவெறி ஆட்சி நடந்த நாட்டுக்கு, தங்கள் அரசாங்கமே எதிர்த்தபோதும், அவர்கள் போனார்கள். வேல்ஸ் வீரர் ஜான் டெய்லர் மனச்சாட்சியின் பேரில் போக மறுத்தார். தனிப்பகுதியில் அடைத்து உட்காரவைக்கப்பட்ட கறுப்பின மக்கள் லயன்ஸுக்காகக் குரல் கொடுத்தார்கள் என்பதைச் சிலர் சமாதானமாகச் சொல்வார்கள். அது உண்மைதான், ஆனாலும் டெய்லர் எடுத்த முடிவே சரியானது என்று நம்புகிறேன். எங்கே போகிறோம் என்பதும் ஒரு சுற்றுப்பயண அணியின் மதிப்பில் சேர்ந்ததுதான்.

அந்தக் கணக்கில் இன்று எனக்குள்ள பெரிய குறை, பயணம் பணமுள்ள மூன்று நாடுகளுக்குள்ளேயே சுற்றுவது. லயன்ஸ் வரும் ஆண்டின் வருமானம் அந்நாட்டு வாரியத்தைப் பல ஆண்டுகள் தாங்குகிறது என்பது வெளிப்படை. ஆனால் முன்பு வழியிலுள்ள நாடுகளுக்கும் இந்த அணி போயிருக்கிறது. கடல்வழியாகச் சென்று வந்த கடைசிப் பயணமான 1950இல், திரும்பும் வழியில் கொழும்பில் இலங்கை அணியோடு ஆடினார்கள். 1977இல் நியூசிலாந்திலிருந்து திரும்பும்போது ஃபிஜியின் தலைநகர் சுவாவில் அந்நாட்டு அணியோடு ஆடி 21-25 எனத் தோற்றார்கள். ஃபிஜி, சமோவா, டோங்கா ஆகிய தீவுகள் உலக ரக்பிக்கு இத்தனை வீரர்களைக் கொடுத்த பிறகும், லயன்ஸ் அங்கே இறங்காமல் அவற்றின் மேலேயே பறந்து போகிறது. டப்ளினிலோ எடின்பரோவிலோ நடத்தும் தொடக்கப் போட்டியை விட்டுவிட்டு, நியூசிலாந்துப் பயணத்தின் முதல் போட்டியைச் சுவாவில் வைத்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்.

2027 செப்டம்பரில் பெண்கள் லயன்ஸ் அணி முதன்முறையாக நியூசிலாந்துக்குப் போகிறது. ஆண்கள் அணியின் இன்றைய சுருங்கிய அட்டவணையை அதற்கும் நகலெடுக்கக் கூடாது. டெஸ்ட் போட்டிகள் பெரிய நகரங்களில் இருக்கட்டும். மற்ற போட்டிகளில் ஒன்றாவது ஃபாங்கரே போன்ற ஒரு நகரத்தில், அந்த மாகாணப் பெண்கள் அணியை எதிர்த்து நடக்க வேண்டும்.