கடையின் பெயர் யார் பெயரில்?

கேள்வி: சின்னாளப்பட்டியில் வசிக்கிறேன். பி.காம் கம்ப்யூட்டர் அப்ளிகேஷன் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். அம்மா சுங்குடிப் புடவைகளை வாட்ஸ்அப்பில் விற்கிறார், மாதம் நாற்பது ஐம்பது போகும். இந்த செமஸ்டரில் மின்வணிகம் ஒரு பாடம். ஓப்பன் சோர்ஸில் இலவசமாகவே கடை போடலாம் என்று வகுப்பில் சொன்னார்கள். ஆனால் திண்டுக்கல்லில் ஒருவரிடம் கேட்டால் 25,000 ரூபாய் என்கிறார். இலவசம் என்றால் எதற்குப் பணம்? டொமைனும் ஹோஸ்டிங்கும் ஒன்றா? ஜிஎஸ்டி எடுக்க வேண்டுமா? அம்மாவோ வாட்ஸ்அப்பே போதும் என்கிறார். இதையே மினி புராஜெக்டாகச் செய்யலாமா?

பதில்: அந்த 25,000 மென்பொருளின் விலை என்று நினைப்பதால்தான் உங்களுக்கு உறுத்துகிறது. அது அவருடைய கூலி. கூலியைப் பேரம் பேசிக்கொள்ளலாம். அதற்கு முன்னால் அவரிடம் கேட்க வேண்டியது வேறொன்று: “டொமைனை யார் பெயரில் பதிவு செய்வீங்க?”

எனக்குத் தெரிந்த ஒரு பாத்திரக் கடைக்காரர் இதைக் கேட்காமல் விட்டார். தளம் அமைத்துக் கொடுத்தவர் டொமைனைத் தன் பெயரிலேயே, தன் மின்னஞ்சலிலேயே வாங்கிவிட்டார். மூன்று வருடம் ஒரு தொந்தரவும் இல்லை. அப்புறம் ஏதோ மனஸ்தாபம், அவர் போனை எடுப்பதை நிறுத்தினார். புதுப்பிக்க ஆளில்லாமல் டொமைன் காலாவதியானது. துணிப்பையில், பில் புத்தகத்தில், வேன் கதவில் என்று எல்லா இடத்திலும் எழுதியிருந்த முகவரி ஒரே நாளில் செத்துப்போனது. ஹோஸ்டிங் போயிருந்தால் வேறு இடத்தில் போட்டிருக்கலாம். பெயர் போனதற்கு வழியே இல்லை.

இரண்டுக்கும் உள்ள வித்தியாசமும் இதுதான். டொமைன் என்பது பெயர். இணையத்தில் ஒவ்வொரு சர்வருக்கும் உள்ளபடியே இருப்பது எண் முகவரி, அதை யாரும் நினைவில் வைத்துக்கொள்ள முடியாது. பெயரைக் கொடுத்தால் எண்ணைத் தேடிக் கொடுக்கும் டிஎன்எஸ் முறையை 1983-இல் பால் மோக்கபெட்ரிஸ் வடிவமைத்தார். அந்தப் பதிவேட்டில் உங்கள் பெயரை ஆண்டுக்கணக்கில் வைத்திருக்கக் கட்டும் பணம்தான் டொமைன் கட்டணம். நம் நாட்டின் டாட் இன் பெயர்களை நிக்ஸி என்ற அமைப்பு நிர்வகிக்கிறது, விற்பது பதிவாளர் நிறுவனங்கள். ஹோஸ்டிங் என்பது உங்கள் கோப்புகள் இருக்கும், எந்நேரமும் ஓடிக்கொண்டிருக்கும் கணினியில் ஓர் இடம். அது வாடகை, பிடிக்காவிட்டால் காலி செய்துவிட்டு வேறு இடம் போகலாம். டொமைனுக்கு ஆண்டுக்குச் சில நூறு ரூபாயிலிருந்து ஆயிரத்துச் சொச்சம் வரை ஆகும். முதல் ஆண்டு 99 ரூபாய் என்று விளம்பரம் செய்வார்கள். நீங்கள் பார்க்க வேண்டியது இரண்டாம் ஆண்டு என்ன விலை என்பதை.

இனி இலவசம் என்ற சொல்லுக்கு வருவோம். சுங்குடி வியாபாரத்தில் இருப்பவர்களுக்கு இதை விளக்குவது சுலபம். ஒருவர் உங்களுக்குப் புடவையைக் கொடுக்கும்போதே எந்த இடத்தில் எத்தனை முடிச்சு, என்ன சாயம், எவ்வளவு நேரம் ஊற வேண்டும் என்ற கணக்கு முழுவதையும் எழுதிக் கொடுத்து, “இஷ்டப்படி மாற்றிக்கொள், நீயும் செய்து விற்றுக்கொள்” என்றால் எப்படி இருக்கும்? அதுதான் ஓப்பன் சோர்ஸ். மூல நிரலைப் பார்க்கலாம், மாற்றலாம், மற்றவருக்குக் கொடுக்கலாம், காசுக்கு விற்கவும் செய்யலாம். யாரும் பார்த்து மாற்றிக்கொள்ளக்கூடிய ஓர் இயங்குதளத்தைக் கட்டும் குனூ திட்டத்தை ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983-இல் அறிவித்தபோது அவர் பேசியது விலையைப் பற்றி இல்லை, பயனரின் சுதந்திரத்தைப் பற்றி. தமிழில் ‘கட்டற்ற மென்பொருள்’ என்று எழுதுபவர்கள் அந்தப் பொருளில்தான் எழுதுகிறார்கள். என்னைக் கேட்டால் ‘ஃப்ரீ’ என்ற ஆங்கிலச் சொல்லைவிட இது தெளிவு, இலவசம் என்ற குழப்பமே வராது. ‘ஓப்பன் சோர்ஸ்’ என்ற பெயர் 1998-இல்தான் வந்தது.

உங்கள் கடைக்குப் பொருத்தமானவை, தளம் கட்டும் மென்பொருளான வேர்ட்பிரஸும் அதன் மேல் ஏறி உட்கார்ந்து அதைக் கடையாக்கும் வூகாமர்ஸும். வேர்ட்பிரஸ் 2003-இல் வந்தது, வூகாமர்ஸ் 2011-இல். இரண்டுமே ஜிபிஎல் என்ற கட்டற்ற மென்பொருள் உரிமத்தில் கிடைக்கின்றன. ஒரு சின்னக் குழப்பத்தை இங்கேயே தீர்த்துவிடுகிறேன்: வேர்ட்பிரஸ் டாட் ஆர்க் தளத்தில் கிடைப்பது மென்பொருள், அதை எந்த ஹோஸ்டிங்கிலும் நிறுவலாம். வேர்ட்பிரஸ் டாட் காம் என்பது அதே மென்பொருளைத் தங்கள் இடத்தில் வைத்து வாடகைக்கு விடும் ஒரு நிறுவனத்தின் சேவை. மாணவர்கள் பாதிப்பேர் இரண்டாவதில் போய்க் கணக்கைத் திறந்துவிட்டு “இலவசம்னு சொன்னாங்க, காசு கேட்குது” என்கிறார்கள்.

ஜிபிஎல் பற்றி வைவாவில், அதாவது வாய்மொழித் தேர்வில் கேட்பார்கள். நிரலை மாற்றி உங்கள் சர்வரிலேயே ஓட்டினால் யாருக்கும் எதையும் தர வேண்டியதில்லை. மாற்றிய மென்பொருளை இன்னொருவருக்குக் கொடுத்தால், அதே உரிமத்தோடு மூல நிரலையும் அவருக்குத் தர வேண்டும். அவ்வளவுதான். சில பிளக்இன்களும் (கூடுதல் வசதி தரும் துணை நிரல்கள்) தீம்களும் (தளத்தின் தோற்ற வடிவங்கள்) ஜிபிஎல் உரிமத்திலேயே காசுக்கு விற்கப்படுகின்றன. அந்தக் காசு அப்டேட்டுக்கும் உதவிக்கும். அதைத் தவிர்க்க, ‘நல்டு’ என்ற பெயரில் யாரோ பூட்டு உடைத்துப் போட்டிருக்கும் தீம் எதையும் இறக்கிப் போடாதீர்கள். உரிமத்தைவிடப் பெரிய ஆபத்து, உள்ளே கூடுதலாக என்ன எழுதி வைத்திருக்கிறார்கள் என்பது தெரியாது. புடவைக் கடை ஒருநாள் காலையில் சூதாட்ட விளம்பரம் காட்டும்.

சரி, வாடிக்கையாளர் ஒரு புடவையை அழுத்தினால் பின்னால் என்ன நடக்கிறது? இதை ஒருமுறை கவனமாகப் புரிந்துகொண்டால் பாடத்தில் பாதி முடிந்தது.

அவருடைய பிரவுசர் டிஎன்எஸ்ஸிடம் எண்ணைக் கேட்டு வாங்கி, உங்கள் சர்வரைத் தொடர்புகொள்கிறது. நடுவில் யாரும் ஒட்டுக் கேட்காதபடி மறையாக்கம் செய்வது ஹெச்டிடிபிஎஸ். அதற்கான சான்றிதழை லெட்ஸ் என்கிரிப்ட் அமைப்பு 2015-இலிருந்து இலவசமாகவே தருகிறது, ஆகவே எஸ்எஸ்எல் என்ற பெயரில் இந்தச் சான்றிதழுக்குத் தனியாக ஒரு தொகை பில்லில் இருந்தால் ஏன் என்று கேளுங்கள். ஆனால் ஹெச்டிடிபிஎஸ் இருப்பதாலேயே விற்பவர் யோக்கியர் என்று ஆகிவிடாது. வழி பாதுகாப்பானது என்பது மட்டும்தான் அதற்கு அர்த்தம், மோசடித் தளங்களிலும் அது இருக்கும். சர்வரில் பிஹெச்பி என்ற மொழியில் எழுதிய நிரல் ஓடி, மைஎஸ்க்யூஎல் அல்லது மரியாடிபி தரவுத்தளத்திலிருந்து புடவையின் விலையையும் இருப்பையும் எடுத்துப் பக்கத்தைக் கட்டி அனுப்புகிறது. மரியாடிபி பிறந்த விதத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். மைஎஸ்க்யூஎல் ஆரக்கிள் நிறுவனத்தின் கைக்குப் போகிறது என்றதும், அதை உருவாக்கியவர்களில் ஒருவரான மான்ட்டி விடேனியஸ் அதே நிரலைப் பிரித்தெடுத்து 2009-இல் தனிக்குடித்தனம் போனார். மூல நிரலின் கதவு திறந்திருந்ததால்தான் போக முடிந்தது.

சர்வருக்கு ஞாபகம் கிடையாது. பிரவுசரும் சர்வரும் பேசிக்கொள்ளும் ஹெச்டிடிபி நெறிமுறைப்படி ஒவ்வொரு கோரிக்கையும் புது ஆள்தான். அப்படியானால் கூடையில் போட்ட மாம்பழ மஞ்சள் புடவை அடுத்த பக்கத்துக்குப் போனதும் எப்படி அப்படியே இருக்கிறது? மீனாட்சி அம்மன் கோவிலில் செருப்பு விட்டால் டோக்கன் தருகிறார்களே, அதே உத்தி. அங்கே இருப்பவருக்கு உங்கள் முகம் நினைவில்லை. டோக்கனைக் காட்டினால் செருப்பு வரும். பிரவுசரில் சர்வர் விட்டுவைக்கும் அந்த டோக்கன்தான் குக்கி. நெட்ஸ்கேப்பில் வேலை பார்த்த லூ மான்டுல்லி 1994-இல் இதைக் கண்டுபிடித்ததே ஒரு மின்வணிகத் தளத்தின் கூடைக்காகத்தான். இன்று விளம்பரக்காரர்கள் அதை வைத்து ஊரையே பின்தொடர்வது பின்னால் வந்த கதை.

அடுத்தது பணம். கார்டு எண்ணை உங்கள் தளத்தில் வாங்கவே கூடாது, வாங்கிச் சேமிக்கவும் முடியாது. ரிசர்வ் வங்கி விதிப்படி 2022 அக்டோபர் முதல் வணிகர்கள் கார்டு எண்களைச் சேமித்து வைக்க அனுமதி இல்லை. இணையத்தில் பணம் வாங்கித் தரும் சேவையான பேமெண்ட் கேட்வே அதைத் தன் பக்கத்தில் வாங்கிக்கொண்டு, பணம் வந்ததா இல்லையா என்று உங்கள் கடைக்குச் சொல்லும். இந்தச் செய்தி இரண்டு வழியில் வரும். ஒன்று, வாடிக்கையாளரின் பிரவுசர் உங்கள் பக்கத்துக்குத் திரும்பும்போது அவர் கையோடு. இன்னொன்று, கேட்வேயின் சர்வரிலிருந்து உங்கள் சர்வருக்கு நேராக, வெப்ஹுக் என்ற வழியில். “பணம் போயிடுச்சு, ஆர்டர் வரலை” என்று போன் வந்தால் பெரும்பாலும் காரணம் இதுதான்: பணம் கட்டியவுடன் வாடிக்கையாளருக்கு சிக்னல் அறுந்திருக்கும் அல்லது ஜன்னலை மூடியிருப்பார், வெப்ஹுக் அமைத்திருக்க மாட்டார்கள். தளம் அமைத்துத் தருபவரிடம் வெப்ஹுக் போட்டாயிற்றா என்று கேளுங்கள். பணம் கட்டியதும் பக்கத்தை மூடிவிட்டு, ஆர்டர் பதிவாகிறதா என்று நீங்களே சோதியுங்கள். இதைச் செய்து பார்க்காமல் கடையைத் திறக்காதீர்கள்.

கேட்வேக்குக் கட்டணம் ஏறத்தாழ 2 சதவீதம், அந்தக் கட்டணத்தின் மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி. 1,200 ரூபாய் புடவைக்கு 24 ரூபாயும் அதற்கு வரி 4.32-ம் போக 1,171.68 உங்களுக்கு வரும். யுபிஐ வழியே அம்மாவின் எண்ணுக்கு நேராக வாங்கினால் இந்தப் பிடித்தம் இல்லை. ஆனால் யார் எந்தப் புடவைக்குக் கட்டினார் என்று நீங்களேதான் பொருத்திப் பார்க்க வேண்டும். அப்புறம், ஸ்கிரீன்ஷாட்டை நம்பிப் பார்சல் கட்ட வேண்டாம். போலி ஸ்கிரீன்ஷாட் தயாரிக்கவே செயலிகள் இருக்கின்றன. வங்கிக் கணக்கில் வரவு தெரிந்தால்தான் பணம். கேஷ் ஆன் டெலிவரி ஆரம்பத்தில் வேண்டவே வேண்டாம் என்பேன். வாங்காமல் திருப்பி அனுப்பினால் கொரியர் செலவு இரு வழிக்கும் உங்கள் தலையில்.

ஜிஎஸ்டி: மாதம் 50 புடவை, ஒன்று 1,200 என்று வைத்தாலும் ஆண்டுக்கு 7,20,000 ரூபாய். தமிழ்நாட்டுக்குள் பொருள் மட்டும் விற்பவருக்கு ஆண்டுக்கு 40 லட்சம் வரை பதிவு கட்டாயம் இல்லை. ஆனால் பெங்களூருவிலிருந்து ஓர் ஆர்டர் வந்தால் கதை மாறுகிறது. மாநிலம் விட்டு மாநிலம் பொருள் விற்பவர், தொகை எவ்வளவு சின்னதாக இருந்தாலும், பதிவு செய்ய வேண்டும் என்பதே பொது விதி. கைவினைப் பொருட்களுக்குச் சில நிபந்தனைகளோடு விலக்கு உண்டு. இங்கேதான் ஆடிட்டர் கேட்பார்: கையால் முடிச்சுப் போட்டுச் சாயமேற்றியதா, அச்சடித்த சுங்குடியா? இன்று சந்தையில் சுங்குடி என்ற பெயரில் இரண்டும் விற்கின்றன. தளத்திலும் எது எது என்று வெளிப்படையாக எழுதிவிடுங்கள், ரிட்டர்ன் சண்டை பாதி குறையும். பெரிய சந்தைத் தளங்களில் விற்க முன்பெல்லாம் ஜிஎஸ்டி எண் இல்லாமல் முடியாது. 2023 அக்டோபர் முதல், வரம்புக்குள் இருந்து சொந்த மாநிலத்துக்குள் மட்டும் விற்பவர்கள் ஒரு பதிவு அடையாள எண் பெற்று விற்கலாம். எதுவாக இருந்தாலும் தளம் திறக்கும் முன் ஒரு ஆடிட்டரைப் பாருங்கள். 2020-இல் வந்த மின்வணிக நுகர்வோர் விதிகளின்படி விற்பவர் பெயர், முகவரி, புகார் சொல்ல வேண்டிய ஆள், திருப்பி எடுக்கும் விதி எல்லாம் தளத்தில் இருக்க வேண்டும்.

அம்மா சொல்வதில் பாதி சரி. மாதம் 50 புடவைக்கு வாட்ஸ்அப் தாங்கும், வாடிக்கையாளர்கள் ஏற்கெனவே அங்கேதான் இருக்கிறார்கள். ஆனால் அந்த எண் முடக்கப்பட்டால் யார் யார் வாங்கினார்கள் என்ற பட்டியல் வேறு எங்காவது இருக்கிறதா? இல்லையென்றால் இன்றே ஒரு விரிதாளில் எழுத ஆரம்பியுங்கள், லிப்ரேஆபிஸ் என்ற கட்டற்ற மென்பொருள் போதும்.

டொமைனை மட்டும் இப்போதே, அம்மாவின் பெயரில், அம்மாவின் மின்னஞ்சலில் வாங்கிப் போடுங்கள். ஹோஸ்டிங்குக்கு அவசரமில்லை. புராஜெக்டுக்கு உங்கள் கணினியே சர்வர். எக்ஸாம்ப் என்ற தொகுப்பை நிறுவினால் அப்பாச்சி என்ற சர்வர் மென்பொருள், மரியாடிபி, பிஹெச்பி மூன்றும் ஒன்றாக வந்துவிடும், அதன் மேல் வேர்ட்பிரஸ், வூகாமர்ஸ். பைசா செலவில்லை. பத்துப் புடவை போதும். போனில் எடுத்த படம் நாலைந்து எம்பி இருக்கும், கிம்ப் என்ற படத்திருத்த மென்பொருளில் 200 கேபி அளவுக்குச் சுருக்கிப் போடுங்கள். கேட்வேக்களில் சோதனை முறை என்று ஒன்று உண்டு, உண்மைப் பணம் இல்லாமலே கட்டிப் பார்க்கலாம். ஆனால் உங்கள் கணினியை வெளியிலிருந்து அடைய முடியாததால் வெப்ஹுக் வராது. ஏன் வரவில்லை என்று வைவாவில் விளக்கினீர்கள் என்றால் வேறு கேள்வியே வராது என்று நினைக்கிறேன்.

பாடத்தில் வரும் பிடுபி (வணிகர் வணிகருக்கு விற்பது), பிடுசி (வணிகர் நுகர்வோருக்கு விற்பது) வகைகளை மனப்பாடம் செய்ய வேண்டாம். திண்டுக்கல் மில்லிலிருந்து நெசவாளர் நூல் வாங்குவது முதலாவது, அம்மா விற்பது இரண்டாவது, பழைய போனை இன்னொரு மாணவிக்கு விற்பது சிடுசி (நுகர்வோர் நுகர்வோருக்கு).

கடைசியாக ஒரு சோதனை. பத்துப் புடவையும் ஏற்றி முடித்ததும் தரவுத்தளத்தையும் படங்கள் இருக்கும் கோப்புறையையும் பென்டிரைவில் பேக்கப் எடுங்கள். கணினியில் இருக்கும் தளத்தை முழுவதும் அழித்துவிட்டு, பென்டிரைவிலிருந்து திரும்பக் கொண்டுவந்து பாருங்கள். முதல் தடவை வராது. வரும்வரை செய்யுங்கள், அதற்கப்புறம் அந்த 25,000 ரூபாய்க்காரரிடம் பேசப் போங்கள்.