மைதான ஓரம் - வாசகர் கேள்வி பதில்: அந்த வருடம் அணி இருந்ததா?

(பதில் எழுதுபவர் குமரி மாவட்டத்தின் மேற்குப் பகுதியில் ஒரு சிறிய கல்லூரியில் உடற்கல்வி இயக்குநராக இருந்து ஓய்வு பெற்றவர்.)

கேள்வி: நான் ஆடிய காலத்தில் ஒரு கால்பந்து ஆட்டத்தில் இரண்டு பேரைத்தான் மாற்றலாம். இப்போது ஐந்து பேரை மாற்றுகிறார்கள். இந்த விதி எப்போது வந்தது? - தக்கலை வாசகர்

கொரோனா காலத்தில் வந்தது. நீங்கள் சொல்லும் இரண்டு 1995இல் மூன்றாயிற்று. கால்பந்து விதிகளை வகுக்கும் சர்வதேசக் குழு 2020 மே 8 அன்று அதை ஐந்தாக்கித் தற்காலிக அனுமதி கொடுத்தது. மாதக்கணக்கில் வீட்டில் முடங்கியிருந்தவர்களை அடுத்தடுத்து ஆட வைத்தால் தசைகள் தாங்காது என்பதுதான் காரணம். ஐந்து பேரை மாற்றலாம், ஆனால் அதற்காக ஒரு அணி மூன்று முறைக்கு மேல் ஆட்டத்தை நிறுத்தக் கூடாது. இடைவேளையில் மாற்றுவது இந்தக் கணக்கில் சேராது. 2022இல் இது நிரந்தர விதியாகிவிட்டது. நல்ல விதி. பெஞ்சில் உட்கார்ந்தே மூன்று வருடம் கழித்துவிட்டுப் போன எத்தனையோ பையன்களை எனக்குத் தெரியும்.

கேள்வி: என் மகன் கல்லூரி அணியில் ஆடுகிறான். காய்ச்சல் விட்டு இரண்டு நாள்தான் ஆகிறது. ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்துக்குப் போயே தீருவேன் என்கிறான். அனுப்பலாமா? - கருங்கல் வாசகி

அனுப்பாதீர்கள், அம்மா. வைரஸ் காய்ச்சல் சிலருக்கு இதயத் தசையில் வீக்கத்தை உண்டாக்கும். அந்த நிலையில் மூச்சிரைக்க ஓடுவது உயிருக்கே ஆபத்து. கொரோனா வந்து தேறிய என் மாணவர்கள் இருவரை முதலில் நடக்க மட்டுமே விட்டேன். பிறகு மெல்லோட்டம், அதன் பிறகு பந்து, கடைசியில்தான் ஆட்டம். கோபித்துக்கொண்டார்கள், ஆனாலும் நான் விட்டுக்கொடுக்கவில்லை. மகனுக்கு நெஞ்சுவலி, படபடப்பு, தலைசுற்றல் எது இருந்தாலும் பயிற்சியாளரிடம் கேட்க வேண்டாம், நேரே மருத்துவரிடம் போங்கள்.

கேள்வி: நம் இரவிபுத்தன்துறை மைக்கேல் சூசைராஜுக்கு 2020இல் என்ன நேர்ந்தது? - குளச்சல் வாசகர்

2019-20 பருவத்தில் இந்தியன் சூப்பர் லீக் (ஐ.எஸ்.எல்.) கால்பந்துக் கோப்பையை வென்ற கொல்கத்தாவின் ஏ.டி.கே. அணியில் அவர் இருந்தார். 2020 மார்ச் 14 அன்று கோவாவில் நடந்த அந்த இறுதி ஆட்டத்தைப் பார்க்க அரங்கில் ரசிகர்கள் யாரும் இல்லை. அடுத்த பருவம் முழுவதும் கோவாவிலேயே, வெற்று அரங்குகளில் நடந்தது. நவம்பர் 20ஆம் தேதி முதல் ஆட்டம். மோகன் பகானோடு இணைந்து ஏ.டி.கே. மோகன் பகான் என்று ஆகியிருந்த அதே அணிக்காகக் களமிறங்கிய சூசைராஜுக்கு முழங்காலில் அடிபட்டது. ஒரு பருவம் முழுவதும் போயிற்று. அன்று இரவு எங்கள் கடற்கரை ஊர்களில் தொலைக்காட்சி முன்னால் அமர்ந்திருந்தவர்களின் முகங்களை நான் மறக்கவில்லை. எங்கள் பக்கம் பந்து ஆடுவது என்று சொல்வதில்லை, பந்து களிப்பது என்றுதான் சொல்வோம். கடற்கரை மணலில் களித்து வளர்ந்த பையன் அவர்.

கேள்வி: மதிப்பிற்குரிய ஐயா, என் தம்பி 2018இல் கல்லூரியில் சேர்ந்தான். ஒக்கிப் புயலில் அப்பாவைக் கடல் கொண்டுபோன மறுவருடம் அது. இறுதியாண்டில் கால்பந்து அணிக்கு அவன்தான் கேப்டன் என்று அம்மா இன்றும் சொல்வார். சென்ற மாதம் பழைய பெட்டியை ஒதுக்கியபோது அவனுடைய ஆறாம் எண் சட்டை கிடைத்தது. காலர் கிழிந்து, வலை நூலால் தைத்திருந்தது. அதை எடுத்துக்கொண்டு கல்லூரிக்குப் போனேன். அங்கே சுவரில் எல்லா வருடத்து அணிப் படங்களும் இருக்கின்றன. 2020-21க்கு மட்டும் இல்லை. கேட்டதற்கு, அந்த வருடம் அணியே கிடையாது என்றார்கள். தம்பி ஆழ்கடலில் இருக்கிறான், கேட்டால் "அதையெல்லாம் விடு அக்கா" என்கிறான். அந்த வருடம் அணி இருந்ததா, இல்லையா? சட்டையைத் திருப்பிக் கொடுக்க வேண்டுமா? - தூத்தூர் பக்கத்துக் கடற்கரை ஊரிலிருந்து ஒரு வாசகி

இருந்தது, மகளே. பதின்மூன்று பேர். மூன்று ஆட்டங்கள். ஒரு தோல்வி, ஒரு சமன், ஒரு வெற்றி. போட்டது மூன்று கோல், வாங்கியது ஆறு.

தம்பியின் பெயரை நீங்கள் எழுதவில்லை. எழுதியிருந்தாலும் இங்கே அச்சிட விட்டிருக்க மாட்டேன். ஆறாம் எண், காலரில் வலை நூல் என்ற இரண்டும் எனக்குப் போதும். அந்த அணிக்குப் பயிற்சி கொடுத்தவன் நான்தான்.

2020 மார்ச் 17 முதல் கல்லூரிகளை மூடினார்கள். வகுப்புகள் செல்பேசிக்குப் போயின. அந்த ஆண்டு மேற்குக் கடற்கரையின் மீன்பிடித் தடைக்காலத்தை 61 நாளிலிருந்து 47 நாளாகக் குறைத்திருந்தார்கள். ஜூலை 31உடன் தடை முடிந்தது. ஆகஸ்டில் படகுகள் கிளம்பியபோது என் ஆட்டக்காரர்கள் ஏழு பேர் அவற்றில் ஏறிப் போயிருந்தார்கள். வழக்கமாக அந்த மாதத்தில்தான் நாங்கள் அணியைத் தேர்ந்தெடுப்போம். உங்கள் தம்பியும் போனான். ஒக்கிக்குப் பிறகு அவனைக் கடலுக்கு விடக் கூடாது என்பதற்காகத்தான் உங்கள் அம்மா கல்லூரிக்கே அனுப்பினார் என்பது எனக்குத் தெரியும். அதனால் அவனிடம் நான் எதுவும் கேட்கவில்லை.

டிசம்பர் 7ஆம் தேதி இறுதியாண்டு மாணவர்களுக்கு மட்டும் கல்லூரி திறந்தது. அணியில் இறுதியாண்டு நால்வர். மைதானத்தைப் பார்த்துவிட்டு நால்வரும் பேசாமல் நின்றார்கள். ஒன்பது மாதம் கால்படாத செம்மண்ணில் தொட்டாவாடி, அதாவது தொட்டாற்சிணுங்கி, முழங்கால் உயரத்துக்குப் படர்ந்திருந்தது. அறையில் இருந்த ஒன்பது பந்துகளில் ஐந்து தையல் விட்டிருந்தன. கோல் வலையை எலி கடித்துப் பெரிய பெரிய ஓட்டைகளாக்கியிருந்தது. புது வலை வாங்கப் பணம் கேட்டு நான் விண்ணப்பம் எழுதிக்கொண்டிருந்தேன். உங்கள் தம்பி மறுநாள் வீட்டிலிருந்து வலை ஊசியும் நூலும் கொண்டுவந்தான். கம்பத்தடியில் உட்கார்ந்து மூன்று மாலையில் இரண்டு வலைகளையும் பின்னி முடித்தான். அவன் பின்னிய இடம் பழைய வலையைவிட உறுதியாக இருந்தது. அன்று மிஞ்சிய நூலால்தான் அந்தக் காலரையும் தைத்துக்கொண்டான். மற்ற மூவரும் தொட்டாவாடியை வெட்டினார்கள். கைகளெல்லாம் முள் கீறல்.

2021 பிப்ரவரி 8, திங்கட்கிழமை, எல்லா வகுப்பினரும் வந்தார்கள். முந்தைய பருவத்தில் இருபது பேர் இருந்த அணியில் மிஞ்சியது பதின்மூன்று. சிலர் கடலில் இருந்தார்கள். ஒருவன் ரப்பர் பால் வெட்டும் வேலைக்குப் போய்விட்டான். இரண்டு வீடுகளில், பாட்டிக்குத் தொற்று வந்துவிடும் என்று பயந்து விடவில்லை. அந்தப் பயத்தை நான் குறை சொல்லவில்லை. வழக்கமான கல்லூரிப் போட்டிகள் எங்களுக்கு இல்லை என்று ஆனபோது, அக்கம்பக்கத்துக் கல்லூரிகளின் உடற்கல்வி இயக்குநர்கள் சிலரோடு நானே பேசினேன். ஐந்து ஆட்டங்கள் என்று முடிவு செய்தோம்.

முதல் ஆட்டம் பிப்ரவரி 20. நான்குக்குப் பூஜ்யம் என்று தோற்றோம். ஒரு மணி நேரம் வரை ஒரு கோல்தான் வாங்கியிருந்தோம். அதன் பிறகு யாருக்கும் கால் எழவில்லை. பதினொரு மாதம் ஓடாத நுரையீரல் அவ்வளவுதான் தாங்கும். இடைவேளையில் எப்போதும் ஒரு மட்டிப்பழக் குலையை நடுவில் வைப்போம், பையன்கள் பிய்த்துத் தின்பார்கள். அன்று கையைக் கழுவிக்கொண்டு ஒவ்வொருவருக்கும் நானே பிய்த்துக் கொடுத்தேன். தண்ணீர்ப் போத்தல்களில் ஆளுக்கொரு பெயர் ஒட்டியிருந்தது. ஒருவன் குடித்ததை அடுத்தவனிடம் நீட்டிப் பழகிய கைகள், நீட்டிவிட்டுத் திரும்ப இழுத்துக்கொண்டன. தோல்வியைவிட அது என்னை அதிகமாக வருத்தியது.

இரண்டாம் ஆட்டம் மார்ச் 6. மூவருக்குக் காய்ச்சல், ஒருவன் வரவில்லை. ஒன்பது பேர் நின்றோம். ஏழு பேர் இருந்தால் ஆட்டத்தைத் தொடங்கலாம் என்பது விதி. எதிரணியின் பயிற்சியாளர் பெரிய மனம் கொண்டவர். தன் அணியிலிருந்தும் இருவரை வெளியே அழைத்தார். உங்கள் தம்பி அவரிடம் போய், "வேண்டாம் சார், பதினொரு பேரும் ஆடட்டும். அவர்களுக்கும் இந்த வருடம் இதைவிட்டால் வேறு ஆட்டம் இல்லை" என்றான். முப்பது வருடத்துக்கு மேல் பையன்களோடு மைதானத்தில் நின்றிருக்கிறேன். ஒரு கேப்டன் வாயிலிருந்து இப்படி ஒரு சொல்லை அதற்கு முன் கேட்டதில்லை. ஒன்பது பேராக ஆடி ஒன்றுக்கு ஒன்று சமன் செய்தோம். கடைசி இருபது நிமிடம் எங்கள் பெனால்டி பகுதியை விட்டு ஆட்டம் வெளியே போகவே இல்லை. தலையால் பந்தைத் திருப்பித் திருப்பி அவன் நெற்றி சிவந்துபோனது.

மூன்றாவது, மார்ச் 13. தவக்காலச் சனிக்கிழமை. சுற்றிலும் தேர்தல் பிரசார வண்டிகளின் ஒலிபெருக்கிச் சத்தம். ஒன்றுக்கு ஒன்று என்று இருந்தபோது, முடிய ஐந்து நிமிடம் இருக்கையில் எங்களுக்கு ஒரு கார்னர் கிடைத்தது. மேற்கிலிருந்து காற்று வீசிக்கொண்டிருந்தது. பந்தை உயர்த்தி அடித்தால் காற்று அதைக் கோட்டுக்கு வெளியே தள்ளிவிடும். இடது ஓரத்துப் பையன் அதைப் புரிந்துகொண்டு தாழ அடித்தான். முதல் கம்பத்தருகே ஓடிவந்த ஆறாம் எண் உள்காலால் தொட்டான், தொட்டது மட்டும்தான். பந்து அவன் கையால் பின்னிய வலையின் அந்த மூலையிலேயே போய்ச் சிக்கியது. இரண்டுக்கு ஒன்று. கட்டிப்பிடிக்கக் கூடாது என்று நான் காலையில் சொல்லியிருந்தேன். யாரும் கேட்கவில்லை. நானும் தடுக்கவில்லை.

ஆட்டம் முடிந்ததும், துவைத்துக் கொண்டுவருகிறேன் என்று சட்டையை எடுத்துக்கொண்டு போனான். பத்து நாள் தங்கிப் பிடிக்கும் படகு ஒன்று தேங்காய்ப்பட்டணத்திலிருந்து கிளம்புகிறது, போய்விட்டு 27ஆம் தேதி ஆட்டத்துக்குள் வந்துவிடுவேன் என்றான். மார்ச் 23 முதல் மறுபடியும் இணைய வகுப்பு என்று அறிவிப்பு வந்துவிட்டது. பிப்ரவரி 8 முதல் மார்ச் 22 வரை, 43 நாள். அவ்வளவுதான் எங்கள் பருவம். கடைசி நாள் மாலை மீதிப் பன்னிரண்டு பேரையும் கோல் கம்பத்தின் முன் நிறுத்திச் செல்பேசியில் ஒரு படம் எடுத்தேன். நடுவில் கேப்டனுக்கு இடம் விட்டுத்தான் நின்றார்கள். நான் சொல்லி அல்ல.

அந்தப் படத்தைச் சுவரில் மாட்டச் சொல்லிக் கொடுத்தேன். ஏற்கவில்லை. ஆண்டறிக்கையில் "பெருந்தொற்று காரணமாகப் போட்டிகள் நடைபெறவில்லை" என்று ஒரே வரி போட்டார்கள். முறையான போட்டி அல்ல, கணக்கில் வராது என்றார்கள். சான்றிதழுக்கு வராது என்பதை ஒப்புக்கொள்கிறேன். வேலைவாய்ப்பில் விளையாட்டு ஒதுக்கீட்டுக்கும் வராது, அதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நடைபெறவில்லை என்பது பொய். நடைபெறாத ஆட்டத்தில் நெற்றி சிவக்காது. நாடெங்கும் பெரிய போட்டிகளைத் தள்ளிவைத்தார்கள். 2020 தொடக்கத்தில் புவனேசுவரத்தில் முதல் முறையாக நடந்த கேலோ இந்தியா பல்கலைக்கழக விளையாட்டுகள் அடுத்து நடந்தது 2022இல்தான். இரண்டாமாண்டுப் பையன் காத்திருந்து அதில் ஆடலாம். இறுதியாண்டுப் பையன் எங்கே போவான்? அவனுக்கு இருந்தது அந்த மூன்று ஆட்டம்தான். அதையும் இல்லை என்று எழுதினால் நான் சும்மா இருக்க முடியாது. மூன்று முறை எழுத்தில் கேட்டேன். பதில் வரவில்லை.

என்னிடம் ஒரு நீள நோட்டு இருக்கிறது. மூன்று ஆட்டங்களின் தேதி, யார் யார் எவ்வளவு நேரம் ஆடினார்கள், கோல் எந்த நிமிடம், எல்லாம் அதில் இருக்கின்றன. ஒவ்வொரு பெயருக்கும் எதிரே அவரவர் கையெழுத்தை வாங்கியிருக்கிறேன். அந்தப் பக்கங்களின் நகலையும் படத்தையும் இந்த இதழ் அலுவலகத்தில் கொடுத்திருக்கிறேன். உங்கள் முகவரியை அவர்களுக்கு எழுதினால் அம்மாவுக்கு அனுப்பிவைப்பார்கள்.

சட்டையைத் திருப்பிக் கொடுக்க வேண்டாம். 2022இல் ஓய்வு பெற்றபோது இருப்புப் பதிவேட்டில் ஆறாம் எண்ணுக்கு எதிரே "ஆட்டக்காரரிடம் உள்ளது" என்று எழுதி, விலையைக் கட்டி ரசீது வாங்கிவிட்டேன். காலர்த் தையலைப் பிரிக்காதீர்கள். தம்பி கரைக்கு வந்ததும் ஒருமுறை என் வீட்டுக்கு வரச் சொல்லுங்கள். நோட்டில் பன்னிரண்டு கையெழுத்துதான் இருக்கிறது.