நகருக்குள் மரங்கள் சூழ்ந்த தெருவில் உள்ள பழைய குடும்ப வீட்டை வாங்கலாமா? என்னென்ன பார்க்க வேண்டும்?

வாங்கலாம். நான் வாங்கியிருக்கிறேன். நாகர்கோவில் ராமவர்மபுரத்தில் பதினொன்றரை சென்ட், ஓட்டு வீடு, கிணறு, பின்னால் ஒரு அயனி மரம். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கிப் புயல் மாவட்டம் முழுக்க மரங்களைச் சாய்த்துப் போட்டதே, அதற்கு மறுவருஷம். அந்தக் காற்றிலும் அசையாமல் நின்ற மரத்தைப் பார்த்துத்தான் எனக்கு ஆசையே வந்தது.

நீங்கள் கேட்கிற தோரணையைப் பார்த்தால் வீடு உங்களுக்குப் பிடித்துவிட்டது, வீட்டில் இருப்பவர்கள்தான் தடுக்கிறார்கள் என்று தோன்றுகிறது. எனக்கும் அதேதான். “அந்தக் காசுக்குப் புது பிளாட் வாங்கலாம், ஓட்டைப் பிரிச்சா உள்ள பூரா செதல்தான் இருக்கும்” என்றார் மாமனார். நான் பதில் பேசாமல் ஒரு ஆசாரியைக் கூட்டிக்கொண்டு போனேன். அவர் ஏணியில் ஏறி, உளிப்பிடியால் ஒவ்வொரு உத்தரமாகத் தட்டிக் காது கொடுத்துக் கேட்டார். எல்லாம் கணீர் என்றது. பிற்காலத்தில் குளியலறை கட்டிச் சேர்த்த மூலையில் மட்டும் பொத்தென்று ஒரு சத்தம். உளியை லேசாக அழுத்தினார், பாதி உள்ளே போய்விட்டது. மூன்று உத்தரமும் அந்தப் பக்கத்து ரீப்பரும் (ஓட்டைத் தாங்கும் சட்டங்கள்) மாற்றினோம். அவ்வளவுதான். மரமும் ஓடும் பணத்தோடு முடிகிற விஷயம்.

பத்திரம் அப்படி இல்லை. தாய்ப்பத்திரம் (சொத்தின் பழைய மூலப் பத்திரம்), எங்கள் ஊர்ப் பெரியவர்கள் சொல்வதுபோல் ஆதாரம், மலையாளத்தில் இருந்தது; அன்று எங்கள் ஊர் திருவிதாங்கூரில் அல்லவா. தேதி கொல்லம் ஆண்டு 1119 மீன மாதம், அதாவது 1944. வில்லங்கச் சான்று, அதாவது சொத்தின் மேல் நடந்த பதிவுகளின் பட்டியல், இணையத்தில் 1975-லிருந்துதான் கிடைத்தது. அதற்கு முந்தையதற்கு மனுப் போட்டுக் காத்திருந்தேன். மலையாளம் படிக்கத் தெரிந்த ஒரு வக்கீல் குமாஸ்தாவைப் பிடித்து வரிக்கு வரி வாசிக்கச் சொன்னேன். இதைச் சென்னை ஆபீசில் சொன்னால், “அப்ப நீங்க மலையாளிதானே?” என்று சிரித்தார்கள். குமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்த 1956 நவம்பர் 1-க்காக இந்த மண்ணில் துப்பாக்கிச் சூடு பட்டுச் செத்தவர்கள் இருக்கிறார்கள் ஐயா. திருவனந்தபுரம் போனால் நாங்கள் பாண்டி, சென்னை வந்தால் மலையாளி. சரி, அது வேறு கதை.

விற்றவர்கள் கிறிஸ்தவக் குடும்பம். அப்பா தொண்ணூறுகளில் உயில் எழுதாமல் இறந்துவிட்டார், அம்மாவும் இல்லை. இரண்டு அண்ணன் தம்பிகள்தான் பேச வந்தார்கள். வாரிசுச் சான்றைக் கேட்டு வாங்கிப் பார்த்தால் நான்கு பெயர். “அக்காவுக்கும் தங்கச்சிக்கும் கல்யாணத்தப்பவே சீதனம் குடுத்தாச்சு, அவங்களுக்குப் பங்கு கெடையாது” என்றார் மூத்தவர். திருவிதாங்கூரின் 1916-ஆம் வருஷச் சட்டம் அப்படித்தான் இருந்தது: மகனுக்குப் போவதில் கால் பங்கு அல்லது 5,000 ரூபாய், எது குறைவோ அதுதான் மகளுக்கு. ஆனால் 1986-லேயே மேரி ராய் வழக்கில் உச்ச நீதிமன்றம், அந்தச் சட்டம் 1951-ஓடு போயிற்று, 1925-ஆம் வருஷ இந்திய வாரிசுரிமைச் சட்டம்தான் செல்லும் என்று சொல்லிவிட்டது. அதன்படி மகளுக்கும் சம பங்கு. நான்கு பேரும் விற்பவர்களாகக் கையெழுத்துப் போட்டால்தான் ஆச்சு என்று சொல்லிவிட்டேன்.

தங்கை சம்மதித்துவிட்டார். அக்கா நெய்யாற்றின்கரையில் இருந்தார், எழுபது வயதிருக்கும். நேரில் போனேன். டீயும் அச்சப்பமும் கொடுத்தார். கிணற்றில் தண்ணீர் இருக்கிறதா என்று விசாரித்தார். அப்புறம் மெதுவாக, “வெலை எவ்வளவு பேசியிருக்கு தம்பி?” என்று கேட்டார். சொன்னேன். கையில் இருந்த தட்டைக் கீழே வைத்துவிட்டார். தம்பிமார் அவரிடம் 18 லட்சம் குறைத்துச் சொல்லியிருந்தார்கள்.

‘உனக்கு எதுக்கு இந்த வேலை, கேட்டதும் மழுப்பியிருக்கலாமே’ என்று பின்னூட்டத்தில் வரப்போகிறவர்களுக்கு: பத்திரத்தில் அவர் கையெழுத்துப் போடும் பக்கத்திலேயே தொகை இருக்கும். அன்றைக்குத் தெரிந்து, பதிவு ஆபீசில் வைத்து அவர் எழுந்து போயிருந்தால் என் அட்வான்ஸ் என்ன ஆகும்? நான் ஒன்றும் புண்ணியத்துக்குச் செய்யவில்லை.

மூன்று மாதம் இழுத்தது. தம்பிமார் என்னைக் குடும்பத்தைப் பிரித்தவன் என்றார்கள், புரோக்கர் இன்றுவரை முகம் கொடுப்பதில்லை. கடைசியில் சம பங்கு என்று முடிவாகி நான்கு பேரும் வந்தார்கள். அப்போது முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 4, மொத்தம் 11 சதவீதம் கட்டினேன். இப்போது பதிவுக் கட்டணம் 2 தான், உங்களுக்கு அந்த லாபம் உண்டு.

குறை இல்லாமல் இல்லை. பழைய ரோட்டைச் சுரண்டாமல் மேலே மேலே போட்டு, தெரு என் முற்றத்தைவிட அரை அடி உயர்ந்துவிட்டது. ஆனி, ஆடிச் சாரலையாவது சமாளிக்கலாம், ஐப்பசி மழைக்கு வாசலில் மணல் மூட்டைதான். வாங்கும் முன் ஒரு மழை நாளில் போய்ப் பாருங்கள்.

உங்களுக்கு விற்பவர்கள் கூடப்பிறந்தவர்கள் எத்தனை பேர், வெளியூரில் யார் இருக்கிறார்கள் என்று எழுதுங்கள். ஓட்டைப் பற்றி அப்புறம் பேசலாம்.