பொடுகு: எண்ணெய் வைக்கலாமா, ஷாம்பூவை எப்படிப் போடுவது?

தலை வறண்டு போவதால்தானே பொடுகு வருகிறது? வாரம் இரண்டு முறை தேங்காய் எண்ணெய் வைத்து இரவு முழுக்க ஊறவிடுகிறேன். ஆனாலும் குறையவில்லை.

பொடுகு பெரும்பாலும் எண்ணெய்ப் பசை உள்ள தலையில்தான் வரும். நம் எல்லோர் தோலிலும் மலசீசியா என்ற பூஞ்சை குடியிருக்கிறது. தலைத்தோலில் சுரக்கும் எண்ணெய்தான் அதற்குச் சாப்பாடு. அதைத் தின்றுவிட்டு அது வெளியேற்றும் கொழுப்பு அமிலம் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. தோல் அவசர அவசரமாக உரியும், அரிப்பும் சேரும். எண்ணெய் வைத்ததும் செதில்கள் படிந்துவிடுவதால் அன்றைக்குக் குறைந்த மாதிரி தெரியும், அவ்வளவுதான்.

எண்ணெயை அடியோடு விடச் சொல்லவில்லை. பொடுகு அடங்கும்வரை தலைத்தோலில் வைக்காதீர்கள். முடி வறண்டால் நுனியில் மட்டும் தடவுங்கள். தீபாவளி எண்ணெய்க் குளியலா? தாராளமாகக் குளியுங்கள், ஆனால் அன்றைக்கே நன்றாக அலசிவிடுங்கள்.

கீட்டோகோனசோல் ஷாம்பூ நாலு தடவை போட்டேன். போன பொடுகு, அடுத்த மாதமே திரும்பி வந்துவிட்டது. மருந்து சரியில்லையா?

மருந்து சரிதான், கீட்டோகோனசோல் அந்தப் பூஞ்சையை அடக்கும் மருந்து. போடும் விதத்தில்தான் பெரும்பாலும் கோளாறு. ஷாம்பூவை உச்சி முடியில் தேய்த்து, நுரை வந்ததும் தண்ணீர் ஊற்றிவிட்டால் அது வேலை செய்ய நேரமே இல்லை. முடியை நனைத்து, வகிடு வகிடாகப் பிரித்து, விரல் நுனியால் தோலில் படும்படி தேயுங்கள். நகம் படக்கூடாது. காதுக்குப் பின்புறம், பிடரி இரண்டையும் விடாதீர்கள். 3 முதல் 5 நிமிடம் அப்படியே இருக்கட்டும். அதற்குள் உடம்புக்குச் சோப்புப் போட்டு முடித்துவிடலாம். பிறகு அலசுங்கள்.

2 சதவீத கீட்டோகோனசோல் ஷாம்பூ என்றால் வாரம் 2 முறை, 2 முதல் 4 வாரம். அப்புறம் நிறுத்திவிடாமல், வாரத்துக்கு ஒருமுறையோ இரண்டு வாரத்துக்கு ஒருமுறையோ தொடர வேண்டும். பூஞ்சை நம்மைவிட்டு ஒரேயடியாகப் போகாது, அதை அடக்கித்தான் வைக்க முடியும். இதைக் கேட்டு மனம் தளர வேண்டாம். மாதம் இரண்டு குளியலில் கட்டுக்குள் இருக்கும் தொல்லை இது. இடைப்பட்ட நாட்களில் சாதாரண ஷாம்பூவே போதும். ஒரு மாதம் ஒழுங்காகப் போட்டும் குறையாவிட்டால் செலினியம் சல்பைடு உள்ளதற்கு மாறிப் பாருங்கள்.

எலுமிச்சைச் சாறு, வெந்தயம்: எது நல்லது?

வெந்தயத்தை ஊறவைத்து அரைத்துப் பூசினால் தலை குளிர்ச்சியாக இருக்கும், கெடுதல் இல்லை. ஆனால் அதை மட்டும் நம்பி இருக்காதீர்கள். எலுமிச்சை வேண்டவே வேண்டாம். சொறிந்து புண்ணான தலையில் அந்தப் புளிப்பு எரிச்சலைக் கிளப்பும். சாறு பட்ட தோலில் வெயில் பட்டால் கொப்புளமும் கருமையும் வரலாம்.

மூன்று மாதக் குழந்தையின் உச்சந்தலையில் மஞ்சளாகப் பொருக்கு படிந்திருக்கிறது.

பயப்பட வேண்டாம், பச்சைக் குழந்தைகளுக்கு இது சகஜம். பெரும்பாலும் சில மாதங்களில் தானாகவே போய்விடும். குளிப்பாட்டுவதற்குக் கொஞ்ச நேரம் முன்பு லேசாக எண்ணெய் தொட்டு ஊறவிட்டு, மென்மையான பிரஷ்ஷால் வருடி, குழந்தைகளுக்கான ஷாம்பூவால் அலசுங்கள். நகத்தால் பிய்க்காதீர்கள். பெரியவர்களின் பொடுகு ஷாம்பூவை நீங்களாகப் போடவே கூடாது.

பள்ளிக்குப் போகும் மகள் தலையில் வெள்ளை வெள்ளையாக இருக்கிறது. பொடுகா, ஈரா?

ஒன்றை விரலால் தள்ளிப் பாருங்கள். பொடுகு உதிர்ந்துவிடும். ஈர் முடியில் ஒட்டிக்கொண்டு நகராது. காதுக்குப் பின்னால்தான் அதிகம் இருக்கும். செதிலோடு முடியும் திட்டாகக் கொட்டியிருந்தால் அது தலையில் வரும் படர்தாமரையாக இருக்கலாம். அதற்கு மாத்திரை தேவைப்படும், தாமதிக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

மருந்துக்கடையில் கேட்டு ஒரு களிம்பு வாங்கிப் போடுகிறேன். போட்டால் அரிப்பு அடங்குகிறது, விட்டால் இன்னும் மோசமாகிறது.

அதில் ஸ்டீராய்டு கலந்திருக்க வாய்ப்பு அதிகம். டியூபில் பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால் என்று இருக்கிறதா பாருங்கள். மருத்துவர் சொல்லாமல் மாதக்கணக்கில் போட்டால் தோல் மெலிந்துவிடும், படர்தாமரை இருந்தால் பரவிவிடும். அந்த டியூபையும் எடுத்துக்கொண்டு தோல் மருத்துவரைப் பாருங்கள். செதில் தடித்து வெள்ளி நிறத்தில் நெற்றிவரை இறங்கியிருந்தாலோ, முழங்கை, முழங்காலிலும் திட்டு இருந்தாலோ அதையும் மறக்காமல் காட்டுங்கள். அது சொரியாசிஸாக இருக்கலாம், அதற்கான வைத்தியமே வேறு.