வயதானவர்களுக்கு ரத்தம் போனால் இதயத்தால் ஏன் ஈடுகொடுக்க முடிவதில்லை?

கல்லூரியில் உயிர்வேதியியல் நடத்துகிறேன். மூன்று வருடத்துக்கு முன்பு கேட்டிருந்தால் பாடப்புத்தகத்தில் இருப்பதை மட்டும் சொல்லியிருப்பேன். அப்புறம் அது என் அம்மாவுக்கே நடந்தது.

அம்மாவுக்கு அப்போது 73 வயது. மூட்டுவலி மாத்திரை போட்டுப் போட்டு வயிறு புண்ணாகி, உள்ளுக்குள் ரத்தம் கசிந்திருக்கிறது. மலம் தார் மாதிரி கருப்பாகப் போனதை இரண்டு நாள் யாரிடமும் சொல்லவில்லை. தலை சுற்றுகிறது என்றதும் பக்கத்து மருத்துவமனைக்குக் கூட்டிப் போனோம். நாடித்துடிப்பு 78, பிரஷர் 108/70. "நார்மல்தான், கூட்டிட்டுப் போங்க" என்றார்கள். நானும் நம்பினேன். மறுநாள் விடிகாலை மயங்கி விழுந்தார். வேறு இடத்தில் சேர்த்து, நான்கு யூனிட் ரத்தம் ஏற்றி, எண்டோஸ்கோப்பி மூலம் கசிவை நிறுத்திக் காப்பாற்றினார்கள்.

ரத்தம் குறைந்ததும் உடல் அட்ரினலின், நார்அட்ரினலின் என்ற அவசரகால ஹார்மோன்களைக் கொட்டும். அவை இதய செல்லின் மேல் உள்ள பீட்டா ஏற்பிகளில் (ஹார்மோனின் செய்தியை வாங்கிக்கொள்ளும் புரதங்கள்) போய் ஒட்டும். உள்ளே அந்தச் செய்தியைக் கடத்தும் சைக்ளிக் ஏஎம்பி என்ற மூலக்கூறு உயரும், கால்சியம் பாயும், இதயம் வேகமாகவும் பலமாகவும் துடிக்கும். இளம் வயதினருக்கு நாடி 120, 130 என்று ஏறுவது இதனால்தான்.

வயதானவர்கள் ரத்தத்தில் நார்அட்ரினலின் சாதாரண நேரத்திலேயே கூடுதலாக இருக்கும். ரயில் பாதைக்குப் பக்கத்தில் குடியிருப்பவர் காதில் ரயில் சத்தம் விழாமல் போவது போல, அந்த ஏற்பிகளும் மந்தமாகிவிடுகின்றன. ஆபத்து நேரத்தில் ஹார்மோன் எவ்வளவு கத்தினாலும் சைக்ளிக் ஏஎம்பி முன்போல் உயர்வதில்லை. போதாததற்கு அம்மா பிரஷருக்கு அட்டினோலால் சாப்பிட்டு வந்தார். அது அதே ஏற்பிகளை அடைக்கிற மருந்து. நாடி எப்படி ஏறும்?

நான் மிகவும் முக்கியமாக நினைப்பது அடுத்த விஷயம். 1958-ல் தொடங்கிய பால்டிமோர் முதுமை ஆய்வில், உடற்பயிற்சியின்போது ஆரோக்கியமான முதியவர்களின் இதயம் எப்படிச் சமாளிக்கிறது என்று பார்த்தார்கள். வேகத்தைக் கூட்ட முடியாததால், ஒவ்வொரு துடிப்புக்கும் அதிக ரத்தத்தை நிரப்பிக்கொண்டு அதை வெளியேற்றுகிறது. அழகான மாற்று வழிதான். ஆனால் ரத்தப்போக்கு வந்தால் நிரப்பவே ரத்தம் இல்லையே! அதோடு, ஒவ்வொரு துடிப்புக்குப் பிறகும் கால்சியத்தை மீண்டும் செல்லின் சேமிப்புக்குள் இழுக்கும் செர்கா என்ற புரதமும் வயதானால் மெதுவாகிறது. இதயம் தளர நேரமாகிறது, சுவர் விறைப்பாகிறது. வருகிற கொஞ்ச ரத்தமும் சரியாக நிரம்புவதில்லை.

செல்லின் எரிசக்தி பக்கம் பார்த்தால், ஆக்சிஜன் குறைந்து, செல்லின் எரிபொருளான ஏடிபி தீரும்போது ஏஎம்பிகே என்ற நொதி விழித்துக்கொண்டு, அந்த எரிபொருளைத் தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாவைப் பழுதுபார்க்கும் வேலைகளை முடுக்கிவிட வேண்டும். ரத்தமிழப்பு அதிர்ச்சிக்கு உள்ளாக்கிய எலிகளில் பார்த்தபோது, வயது கூடியவற்றில் இந்தப் பழுதுபார்ப்பு பலவீனமாக இருந்தது, மைட்டோகாண்ட்ரியா சேதமும் அதிகம். ரத்தம் ஏற்றிய பிறகும் முதிய இதயம் உடனே தேறாததற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

அம்மாவின் வழக்கமான பிரஷர் மேல் அளவு 150. அன்றைக்கு 108 என்றால் 40-க்கு மேல் இறங்கியிருக்கிறது. அமெரிக்காவின் விபத்துச் சிகிச்சை வழிகாட்டுதலில், 65 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு மேல் அளவு 110-க்குக் கீழே போனாலே ஆபத்தாக எடுத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். இளையவர்களுக்கு அந்த எல்லை 90. அன்று நான் "எப்போதும் 150 இருக்கும், அட்டினோலால் சாப்பிடுகிறார்" என்று ஒரு வாய் சொல்லியிருக்க வேண்டும். கேட்கவும் இல்லை, சொல்லவும் இல்லை.

உங்கள் வீட்டுப் பெரியவரின் வழக்கமான பிரஷரையும் நாடியையும் எழுதி, மாத்திரைச் சீட்டோடு சேர்த்து வையுங்கள். கருப்பு மலம், தலைசுற்றல், கை கால் சில்லிடுதல் இருந்தால், நாடி 78 என்று யாராவது சொன்னாலும் அந்தச் சீட்டைக் காட்டி ஹீமோகுளோபின் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.