டாகர்போர்டு கூட்டுக்கு லைனிங்: எங்கே ஒட்டுவது, எவ்வளவு தடிமன்?

கேள்வி: என் சின்னப் பாய்மரப் படகில் டாகர்போர்டு (படகு பக்கவாட்டில் நழுவாமல் இருக்க அடியில் நேராக இறக்கும் பலகை) இறங்கும் கூட்டுக்குள் ஒட்டியிருந்த கம்பள லைனிங் நாராகப் பிய்ந்து வருகிறது. அலையில் பலகை கடகடவென்று ஆடுகிறது. கூடு முழுக்கத் தடிமனான கம்பளம் ஒட்டிவிடலாமா, இல்லை வழுக்கும் பிளாஸ்டிக் போடலாமா?

பதில்: முழுக்க ஒட்டாதீர்கள். பழைய லைனிங்கைப் பிய்ப்பதற்கு முன் டார்ச் அடித்துப் பாருங்கள். நடுப்பகுதி அநேகமாகப் புதிது போலவே இருக்கும். தேய்மானமெல்லாம் மேல்வாயிலும் அடிவாயிலும்தான். காற்று படகைப் பக்கவாட்டில் தள்ள, தண்ணீர் பலகையை எதிர்ப்பக்கம் தள்ளுகிறது. அதனால் பலகை கூட்டின் அடிவாயில் காற்று வரும் பக்கச் சுவரையும், மேல்வாயில் அதற்கு எதிர்ச்சுவரையும் நெம்புகோல் மாதிரி அழுத்துகிறது. படகு திரும்பினால் சுவர்கள் மாறிக்கொள்ளும். தண்ணீர் பலகையைப் பின்னோக்கி இழுப்பதால் அடியில் பின்விளிம்பும் மேலே முன்விளிம்பும் சேர்ந்து தேயும்.

ஆகவே மேலே ஒரு பட்டை, கீழே ஒரு பட்டை, ஒவ்வொன்றும் சுமார் 100 மி.மீ. உயரம் இருந்தால் போதும். நடுவில் கம்பளம் இருந்தால் மணலும் சிப்பித்தூளும் அதில் தங்கி, பலகையை உப்புத்தாள் போலத் தேய்க்கும்.

அடுத்தது தடிமன். பெரும்பாலோர் கோட்டை விடும் இடம் இது. கூட்டின் உள் அகலத்தை மேலும் கீழும் பல இடங்களில் அளந்து, மிகக் குறுகலான அளவை எடுங்கள். அதிலிருந்து பலகையின் மிகத் தடித்த பகுதியின் அளவைக் கழியுங்கள். உதாரணத்துக்குக் கூடு 40, பலகை 34 என்றால் இடைவெளி 6, பக்கத்துக்கு 3 மி.மீ. அமுங்கும் கம்பளம் என்றால் அந்த 3-ஐ ஒட்டியே போகலாம். கெட்டியான பிளாஸ்டிக் என்றால் 2.5-க்கு மேல் வேண்டாம். மரப்பலகைக்கு இன்னும் கொஞ்சம் இடம் விடுங்கள். தண்ணீரில் ஊறினால் உப்பும். கரையை நெருங்கும்போது பலகை மேலே வராமல் சிக்கிக்கொள்வதைவிடக் கொஞ்சம் ஆடுவது எவ்வளவோ மேல்.

பிளாஸ்டிக்கில் தேய்மானத்துக்கு நன்றாகத் தாங்குவது யூஎச்எம்டபிள்யூ பாலிஎத்திலீன். ஆனால் வழுக்குகிற அந்தக் குணமே ஒட்டுவதற்கு எதிரி. எபாக்ஸி பசை அதில் பிடிக்காது. பின்புறம் பசையோடு வரும் நாடாவாக வாங்குங்கள். இன்னொன்று, உராய்வு குறைந்தால் மிதக்கும் பலகை தானாக மேலே எழும்பும். எலாஸ்டிக் கயிறு போட்டுப் பிடித்து வைக்க வேண்டியிருக்கும். சாதாரண உபயோகத்துக்கு என் ஓட்டு, மட்காத செயற்கை இழைக் கம்பளத்துக்குத்தான்.

பழையதைச் சுரண்டி எடுத்ததும் கூட்டின் பின் கீழ்மூலையைத் தடவிப் பாருங்கள். டாகர்போர்டு தரை தட்டினால் மடங்காது, மொத்த அடியும் அந்த மூலையில்தான் விழும். விரிசலோ கண்ணாடி நாரோ தெரிந்தால் காயவிட்டு அதைச் சரிசெய்த பிறகுதான் லைனிங். மிச்சப் பசையை அசிட்டோனால் துடைக்கலாம். படகின் உடல் ஏபிஎஸ் பிளாஸ்டிக் என்றால் கூடாது, கரைத்துவிடும்.

சரி, கை நுழையாத கூட்டுக்குள் எப்படி ஒட்டுவது? படகைப் பக்கவாட்டில் சாய்த்துக்கொள்ளுங்கள். நீர் தாங்கும் கான்டாக்ட் பசையைச் சுவரிலும் பட்டையிலும் தடவி, தொட்டால் கையில் ஒட்டாத அளவுக்குக் காயவிடுங்கள். இந்தப் பசை ஒருமுறை தொட்டால் தொட்டதுதான், நகர்த்த முடியாது. அதனால் பட்டைக்கும் சுவருக்கும் நடுவே மெழுகுத்தாள் வைத்துப் பட்டையை உள்ளே நுழைத்துவிடுங்கள். இடம் சரியாக அமைந்ததும் ஒரு முனையை அழுத்திப் பிடித்துக்கொண்டு தாளை மெல்ல உருவுங்கள். அப்புறம் ஒரு சைக்கிள் ட்யூபைக் கூட்டுக்குள் திணித்துக் காற்றடித்தால் கை எட்டாத மூலைகூட அழுந்திவிடும். இரவு முழுக்க அப்படியே விடுங்கள். கம்பளத்தின் மேல்விளிம்பைச் சரிவாக வெட்டி வையுங்கள், இல்லாவிட்டால் பலகை இறங்கும்போது அதையே பிடித்து உரித்துவிடும்.

பலகையை இறக்கிப் பாருங்கள். ஒரு கையால் ஏற்றி இறக்க முடிந்தால் அளவு சரி. ஒவ்வொரு முறையும் ஓட்டி முடித்ததும் பலகையை வெளியே எடுத்துவிட்டு, கூட்டை நல்ல தண்ணீரால் அலசுங்கள்.