இதயத்துக்குள் வைக்கும் கூடையும் பாரிசவாதமும்: கேள்வி பதில்

கொக்குவில்: அப்பாவுக்கு இதயத்துடிப்பு ஒழுங்கில்லை. இதயத்துக்குள் ‘வாட்ச்மன்’ என்கிற கூடையை வைத்தால் பாரிசவாதம் வராதாம். உண்மையோ?

வராது என்று ஒருவரும் சொல்லேலாது. வால்வுக் கோளாறு இல்லாதவர்களில் பத்துக்கு ஒன்பது இரத்தக்கட்டிகள் இடது சோணையின் (இதயத்தின் இடது மேலறையின்) ஓரத்திலுள்ள சிறு பைக்குள்தான் பிடிக்கின்றன. தொடை நாளத்தால் குழாய் ஏற்றி, சோணைகளின் இடைச்சுவரைத் துளைத்து, அந்தப் பையின் வாயில் நிற்றினோல் என்கிற உலோகக் கலவையாலான கூடையை விரிப்பார்கள். வேறு இடத்துக் கட்டிக்கோ கழுத்து நாடிக் கொழுப்புக்கோ அது காவல் இல்லை. இரத்தம் உறையாமல் தடுக்கும் குளிசை ஒத்துப்போனால் குளிசையே போதும். இரத்தக்கசிவால் குளிசை எடுக்கேலாதவருக்குத்தான் கூடை.

பருத்தித்துறை: கூடை வைத்தவுடன் வார்பரின் குளிசையை (இரத்தம் உறையாமல் தடுப்பது) நிப்பாட்டலாமோ?

கூடாது. கூடையின் மேல் உள்தோல் படரும்வரை அதிலேயே கட்டி பிடிக்கலாம். ஆரம்ப ஆய்வுகளின் ஒழுங்கு இது: 45 நாள் வார்பரினும் அஸ்பிரினும், பிறகு உணவுக்குழாய் வழி எக்கோ (ஒலியலைப் படம்). கூடையின் ஓரத்தால் இரத்தம் கசிகிற இடைவெளி 5 மி.மீ.க்கு மேல் இல்லையென்றால் வார்பரினை விட்டு, ஆறு மாதம்வரை குளோபிடோகிரலும் (இதுவும் கட்டி பிடிக்காமல் தடுப்பது) அஸ்பிரினும். அதன்பின் அஸ்பிரின் மட்டும். இரத்தக்கசிவு அபாயம் கூடியவருக்கு மருத்துவர் வேறு ஒழுங்கு போடுவார்.

மானிப்பாய்: பேஸ்மேக்கரும் தடுக்குமோ?

தடுக்காது. அதன் வேலை வேறு.

சாவகச்சேரி: அம்மாவுக்குச் சின்னனில் ருமாற்றிக் காய்ச்சல், மைட்ரல் வால்வு சுருக்கம். கூடை வைக்கலாமோ?

கூடை சரிவராது, கட்டி பைக்கு வெளியிலும் பிடிக்கும். வார்பரின்தான், ஐ.என்.ஆர். (இரத்தம் உறைய எடுக்கிற நேரத்தின் அளவு) 2க்கும் 3க்கும் இடையில். புதுக் குளிசைக்குத் தாவாதேங்கோ: 2022இல் வந்த இன்விக்டஸ் ஆய்வில் ரிவரொக்சபான் என்கிற புதுக் குளிசை எடுத்தவர்களில்தான் வார்பரின் வகை எடுத்தவர்களைவிடச் சாவு கூட.

நல்லூர்: வைத்து ஒரு மாதம். குளிசையை விடலாமோ?

பருத்தித்துறைக்காரருக்குச் சொன்னதை வாசியுங்கோ.

திருநெல்வேலி: கூடை வைத்தவர்களுக்குக் கட்டி அடைக்கிற பாரிசவாதம் வார்பரினைவிடக் கூட. அதை ஏன் சொல்லேல்லை?

நல்ல கேள்வி. கூடையையும் வார்பரினையும் ஒப்பிட்ட புரொடெக்ற், பிரிவெயில் ஆய்வுகளின் 1114 பேரை ஐந்து வருடம் சேர்த்துப் பார்த்தார்கள். அடைப்பு வகை எண்ணிக்கையில் கூடத்தான், ஆனால் உறுதியாகச் சொல்லுமளவுக்கு இல்லை. மூளைக்குள் இரத்தம் கசிகிற வகை கூடை வைத்தவர்களில் 80 சதவீதம் குறைவு. கூட்டினால் சமம்.

திருநெல்வேலி: அப்ப சமம் என்கிறதே ஏமாற்றுத்தானே?

ஏமாற்று இல்லை, இடமாற்று. மூளைக்கசிவு பல வேளைகளில் ஆளையே கொண்டுபோகும். இரண்டையும் ஒரே தராசில் வைக்கேலாது. வைக்கும்போதே இதயவுறைக்குள் இரத்தம் தேங்குகிற ஆபத்தையும் நீங்கள் விட்டிட்டியள்.

கைதடி: கூடை வைத்தாச்சு, வார்பரினை நிப்பாட்டலாமோ?

45 நாள். எக்கோ. பிறகு.